தண்ணீர்க் காவல்

மதியம் இரண்டு மணிக்கு ஆணழகன் போட்டி என்று சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் போர்ட்டே தன் உடம்பைக் காயவிட்டான். அவனை நம்பி சோவா காவலுக்கு உட்கார்ந்தான். விவரம் தெரிந்தவர்கள் அந்நேரம் வீட்டில் மின்விசிறியைப் போட்டுப் படுத்திருந்தார்கள். விவரம் தெரியாமல் போனதற்குத்தான் இந்த இரண்டு பேரும் அன்றைக்குப் பட்டார்கள்.

மீனவர் குப்பமான சோர்க்கோரின் சமூகக் கூடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை நிழலில் போர்ட்டே ஜட்டியோடு பாயில் மல்லாந்து கிடந்தான். கால் இரண்டும் நாற்காலி மேல். உடம்பெல்லாம் பனங்கொட்டை எண்ணெய். காலையில் சோவா தன் கையால் தேய்த்துவிட்டது. தன் முதுகுக்குத் தானே எண்ணெய் தேய்க்க எவனாலும் முடியாது, அதற்கென்றே கூட்டாளி வேண்டும். சோவா பக்கத்தில் குந்திக்கொண்டு அட்டையால் விசிறினான். மணி நாலைத் தாண்டியிருந்தது.

"சிறப்பு விருந்தினர் மாண்புமிகு அவர்கள் கனேஷீ சந்திப்பைத் தாண்டிவிட்டார்! இதோ வந்துகொண்டே இருக்கிறார்!" என்று ஒலிபெருக்கி அலறியது.

"மூணு மணிக்கும் கனேஷீயத்தான தாண்டினாரு? அந்தாளு என்ன, அந்தச் சந்திப்பையே சுத்திச் சுத்தி வர்றானா?" என்றான் போர்ட்டே. நாக்கு தடித்துப் போய், வார்த்தைகள் குழறி வந்தன.

"பேசாத. பேசினா வாய் இன்னும் வறளும்."

"வறள இன்னும் என்னடா பாக்கி இருக்கு?"

சிறப்பு விருந்தினர் வந்து உட்காராமல் எதுவும் தொடங்காது. கல்யாணமானாலும் சரி, சாவானாலும் சரி. சவப்பெட்டியைக்கூட வெயிலில் வைத்துக்கொண்டு காத்திருக்கிற ஊர் இது. பிணத்துக்கு என்ன, அவசரமா? ஆனால் காயவைத்த உடம்புக்கு அவசரம் உண்டு. அது யாருக்குப் புரிகிறது?

இவர்கள் இருவரும் பயிலும் தாகோ மாஸ்டரின் உடற்பயிற்சிக் கூடத்தில் எல்லாருக்கும் புரியும். அங்கே எடைகள் எல்லாம் பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றிச் செய்தவை, கம்பிகள் பழைய வேன்களின் அச்சு. போட்டிக்கு முன்னால் ஒருவன் உப்பை நிறுத்துவான், கடைசியில் தண்ணீரையும் நிறுத்துவான். தோலுக்கும் தசைக்கும் நடுவே சொட்டு ஈரம் நிற்கக் கூடாது. அப்போதுதான் மேடை விளக்கில் ஒவ்வொரு நாரும் தனித்தனியாகத் தெரியும். அந்தப் பக்குவம் சில மணி நேரம்தான் நிற்கும். தாண்டினால் தசை சப்பையாகிவிடும், நரம்பு இழுக்கும், ஆள் விழுவான்.

தாகத்தில் இருக்கிறவனை நம்ப முடியாது என்பதால் அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். தண்ணீரை நிறுத்துகிற காலையில் எல்லாரும் வாசலில் கூடுவார்கள். போட்டிக்குப் போகிறவன் ஒரு தகரக் குவளையில் பாதியைக் குடித்து, மீதியை முன்னால் செத்துப்போன பயில்வான்களுக்கென்று வாசல் மண்ணில் ஊற்றுவான். வெறும் குவளையைக் கூட்டாளி கையில் கொடுத்து, "இனிமே நான் கேட்டா, கேக்கறது நான் இல்ல" என்பான். அந்த நொடியிலிருந்து கூட்டாளிதான் தண்ணீர்க் காவல். கக்கூசுக்குக்கூடக் கூடவே போக வேண்டும். தானும் அவன் கண்ணெதிரே குடிக்கக் கூடாது. கெஞ்சுவான், அழுவான், செத்த அப்பன் மேல் சத்தியம் பண்ணுவான். எதையும் காதில் வாங்கக் கூடாது. ஒருவன் குளியல் வாளிக்குள் தலையை விட்டானாம், காவலன் பிடரியைப் பிடித்து இழுத்து இரண்டு அறை விட்டானாம். பரிசுக் கோப்பையை வாங்கியதும் அறைந்தவன் கையில்தான் முதலில் கொடுத்தான் என்று மாஸ்டர் பெருமையாகச் சொல்வார்.

போர்ட்டே கோப்பைக்காகக் காயவில்லை. நடுவர் வரிசையில் சிறைத்துறை விளையாட்டு அணியின் கேப்டன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கனத்த எடைப் பிரிவில் ஜெயிக்கிறவனை அணியில் எடுத்துக்கொள்வார்கள். சீருடை, குடியிருப்பு, சாகும் வரை ஒரு மரியாதை. அடுத்த வருஷம் போர்ட்டேக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

விட்டால் வேறு என்ன வேலை? இந்த ஊரில் இவ்வளவு பெரிய உடம்புக்கு எப்போதும் கதவு திறந்திருக்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். மாச்சோ. பெரிய மனிதர்களின் வண்டியில் ஏறிப் போய், அவர்கள் காட்டுகிற வேலியைப் பிடுங்க வேண்டும், அவர்கள் காட்டுகிற ஆளை மிதிக்க வேண்டும், தேர்தல் வந்தால் ஓட்டுப் பெட்டியைத் தூக்க வேண்டும். தாகோ மாஸ்டரிடம் பயின்றவர்களில் பாதிப்பேர் அந்த வண்டியில்தான் இருக்கிறார்கள். போர்ட்டே ஏறவில்லை. அவன் அம்மா கடற்கரையில் மீன் சுட்டு விற்றவள். அவளுடைய மண் அடுப்புகளை ஒரு நாள் மாச்சோக்கள் வந்து கடப்பாரையால் உடைத்தார்கள். அதில் இரண்டு பேர் இவனோடு கம்பி தூக்கியவர்கள், இவன் அம்மா கையால் மீன் வாங்கித் தின்றவர்கள். அன்றிலிருந்து மீன் குளிர்கிடங்கில் பனிக்கட்டிப் பெட்டி சுமந்து சாப்பிட்டான், எவன் கூப்பிட்டும் போகவில்லை.

"ஐஸ் வாட்டர்! ஐஸ் வாட்டர்!" தலையில் பேசின் நிறையத் தண்ணீர்ப் பாக்கெட்டுகளோடு ஒருத்தி கொட்டகைப் பக்கம் வந்தாள். பேசின் விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. போர்ட்டேயின் கண் அந்தச் சொட்டோடு மேலும் கீழும் போனது.

"ஏம்மா, அந்தப் பக்கம் போயேன்!" சோவா எழுந்து கையை ஆட்டினான்.

"ஏன், காசு குடுத்தா வாங்குவ, இல்லாட்டி வெரட்டுவியா? பாவம், அந்தப் புள்ளைக்கு உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. நீயெல்லாம் கூட்டாளியா?"

"கேட்டியா? ஊரே சொல்லுது" என்றான் போர்ட்டே. சிரிக்கப் பார்த்தான், உதடு கிழிந்து ரத்தம் கசிந்தது. "டேய் சோவா. வாயக் கொப்புளிச்சுத் துப்பிடறேன்டா. முழுங்க மாட்டேன்."

"மாட்ட. நீ துப்ப மாட்ட."

"சின்ன வயசுலேர்ந்து உனக்கு நான் என்னடா கொறை வெச்சேன்? ஒரு வாய் தண்ணி. நீ மனுசனாடா?"

சோவா முகத்தைத் திருப்பிக்கொண்டான். கேட்பது அவன் இல்லை, அவன் இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான். ஆனால் குரல் அவனுடைய குரல்தானே.

ஐந்து மணி வாக்கில் போர்ட்டேயின் கெண்டைக்கால் இழுத்தது. கட்டை விரல் தனியாக விறைத்துக்கொண்டு நின்றது. சோவா பாதத்தைப் பிடித்து மடக்கினான். ஒரு கால் சரியானால் மறு கால் இழுத்தது, பிறகு விலா இழுத்தது. போர்ட்டே பாயைக் கடித்துக்கொண்டு முனகினான். வியர்வை நின்றுபோய்த் தோல் அடுப்பாய்ச் சுட்டது.

சோவா முன்பக்கம் ஓடினான். ஏற்பாட்டாளர் கோட்டு போட்டுக்கொண்டு, முன்வரிசையில் மாண்புமிகுவுக்காகப் போட்டிருந்த பெரிய சோபாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கனத்த எடைப் பிரிவை மட்டுமாச்சும் மொதல்ல நடத்திருங்கய்யா. பசங்க தாங்க மாட்டாங்க."

"என்ன பேச்சுப் பேசற நீ? மாண்புமிகு சோபா காலியா இருக்கும்போது உங்க தொடைய யாருக்குடா காட்டப் போறீங்க? எனக்கா?"

"எங்க இருக்காருன்னாவது சொல்லுங்கய்யா."

"வந்துட்டே இருக்காரு. போ, போய் உன் ஆளுக்கு எண்ணெய் தேய்."

தாகோ மாஸ்டர் நடுவர்களுக்கு இளநீர் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சோவா அவர் காதோடு காதாகக் கேட்டான்: "மாஸ்டர், கொஞ்சம் குடுத்துரட்டுமா? அவன் ஒரு மாதிரியா இருக்கான்."

"எல்லாவனும் ஒரு மாதிரியாத்தான் இருப்பான். நான் இருந்ததில்லையா? குடுத்த, அத்தோட அவன் பொழப்பு போச்சு. அஞ்சு நிமிசத்துல வந்துருவாரு. காவலுக்கு நெஞ்சுல கல்லு இருக்கணும்டா. இல்லாட்டி குவளைய வாங்கியே இருக்கக் கூடாது."

சோவா திரும்பி வந்தபோது போர்ட்டே கெஞ்சவில்லை. திட்டவும் இல்லை. கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பக்கத்தில் தண்ணீர்க்காரி பாக்கெட் விற்றுக்கொண்டிருந்தும் கண் அந்தப் பக்கம் போகவில்லை. கெஞ்சுகிறவனைப் பற்றித்தான் கூடத்தில் கதை கதையாகச் சொன்னார்கள். கெஞ்சுவதை நிறுத்தியவனைப் பற்றி எவன் சொல்லிக்கொடுத்தான்?

"டேய். போர்ட்டே. என்னப் பாரு."

"அம்மா, அடுப்பு எரிஞ்சுட்டிருக்கும்மா. அணைச்சுரு" என்றான் போர்ட்டே. அம்மா செத்து நாலு வருஷம் ஆகிறது.

போதும் என்று தோன்றியது சோவாவுக்கு. கோப்பையும் வேண்டாம், சிறைத்துறையும் வேண்டாம். ஓடிப்போய்த் தண்ணீர்க்காரியின் பேசினிலிருந்து கையில் அகப்பட்டதை அள்ளினான். பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்து, போர்ட்டேயின் தலையைத் தூக்கி மடியில் வைத்து வாயில் பிழிந்தான். முதல் வாய் கடைவாயோரம் வழிந்தது. இரண்டாவது உள்ளே இறங்கியது. மூன்றாவதுக்கு அவன் கையே எழுந்து பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டது. அதற்குமேல் சோவா தடுத்தும் அவன் நிறுத்தவில்லை. ஒன்று காலியாவதற்குள் அடுத்ததன் மூலையைக் கடித்தான். மார்பெல்லாம் தண்ணீர் வழிய, எண்ணெய் கலைய, கன்றுக்குட்டி முட்டுவது போல் முட்டி முட்டிக் குடித்தான். சோவாவுக்கு அழுகை வந்தது. நிம்மதியில் வந்த அழுகை.

அது அடங்குவதற்குள் தெருமுனையில் சைரன் ஊளையிட்டது.

மோட்டார் சைக்கிள்கள், கறுப்பு வண்டிகள், பின்னால் திறந்த வண்டியில் கைகட்டி நின்ற மாச்சோக்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நாலு மணி நேரம் காயப்போட்ட மனிதனுக்கு இத்தனை கைதட்டலா என்று சோவாவுக்கு வயிறு எரிந்தது. அந்த வரிசையின் கடைசி வண்டியிலிருந்து, கண்ணாடி மாளிகை மாதிரி இருக்கிற மேட்டுக்குடிப் பகுதி ஜிம்மைச் சேர்ந்த கெல்வின் இறங்கினான். அப்போதுதான் தூங்கி எழுந்த முகம். அளவாகக் காய்ந்த உடம்பு, ஒவ்வொரு வரியும் கத்தியால் கீறினது போல் இருந்தது.

"அண்ணே, நீங்க மத்தியானத்துலேர்ந்தா இங்க கெடக்கறீங்க?" என்று கெல்வின் உண்மையான அக்கறையோடுதான் கேட்டான். "அடப்பாவமே, யாரும் போன் பண்ணலையா? அவர் சாப்பிட்டுப் படுத்து எந்திரிச்சு ஆறு மணிக்கு மேலதான் வருவார்னு எங்க கோச்சுக்குக் காலையிலயே சொல்லிட்டாங்களே."

போர்ட்டே எழுந்து உட்கார்ந்திருந்தான். கண்ணில் தெளிவு வந்திருந்தது. கையிலிருந்த வெறும் பாக்கெட்டைப் பார்த்தான், சுற்றிக் கிடந்த மற்றவற்றைப் பார்த்தான், பிறகு சோவாவைப் பார்த்தான். தானே எழுந்து வரிசையில் போய் நின்றான்.

மேடையில் உடம்பைக் காட்டும் முதல் நிலைக்குப் போர்ட்டே கையை மடக்கியபோது கூட்டம் "ஓ" என்றது. அந்தத் தோளுக்கு அந்த வட்டாரத்திலேயே ஈடு கிடையாது. முதுகைத் திருப்பிக் காட்டியபோது சிறைத்துறைக் கேப்டன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். சோவா மேடைக்குப் பக்கத்தில் நின்று, வயிறு வேண்டாம், வயிற்றை மட்டும் காட்டச் சொல்லாதீர்கள் என்று நடுவர்களை மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தான். அடுத்து வயிற்றைத்தான் கேட்டார்கள்.

போர்ட்டே கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டி, மூச்சை வெளியே விட்டு, வயிற்றை இறுக்கினான். தண்ணீர் குடித்து உப்பிய வயிறு இறுகவில்லை. இன்னும் இறுக்கினான். முகம் கோணியது. அத்தனை பேர் முன்னால் மேடையில் வாந்தி எடுத்தான். வெறும் தண்ணீர்தான், பீறிட்டு வந்து முன்வரிசை வரை தெறித்தது. மாண்புமிகு காலைச் சோபா மேல் தூக்கிக்கொண்டார். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. "பைப்ப மூடுங்கடா!" என்று ஒருவன் கத்த, சிரிப்பு இன்னும் கூடியது.

கெல்வின் ஜெயித்தான். ஜெயிக்க வேண்டியவன்தான், அதில் பொய் சொல்ல ஒன்றும் இல்லை. சிறைத்துறைக் கேப்டன் கைகொடுத்து அணியைப் பற்றிச் சொன்னபோது அவன் சங்கடமாகச் சிரித்தான். "வேலைக்கா? எனக்கெதுக்கு சார்? அப்பாவோட கார் கடையப் பாத்துக்கவே நேரம் பத்தல." கேப்டன் தோளைக் குலுக்கிவிட்டு, கனத்த எடையில் இந்த வருஷம் ஆள் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொட்டகையில் போர்ட்டே கால்சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். சோவா சட்டையை நீட்டினான். அவன் வாங்கவில்லை.

"ஏன்டா குடுத்த?"

"நீ செத்துருவடா. நீ பேசினது உனக்கே தெரியாது. உங்கம்மாவக் கூப்புட்ட."

"யாரக் கூப்புட்டா உனக்கென்ன? உன் கையில எதுக்குடா குவளையக் குடுத்தேன்? ஊர்ல வேற ஆளா இல்ல? நான் அழுதாலும் உருண்டாலும் நீ ஒருத்தன் குடுக்க மாட்டன்னுதானடா உன்கிட்ட குடுத்தேன்."

"வேற எவனா இருந்தாலும் குடுக்காமலே இருந்துருப்பான். நீ பொணமாத்தான் மேடைக்குப் போயிருப்ப."

"போயிருப்பேன். அது என் பாடு."

கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. கமாண்டோ என்று கூப்பிடப்படுகிற, மாண்புமிகுவின் மாச்சோக்களுக்குத் தலைவன். போர்ட்டேயின் அம்மா அடுப்பில் முதல் கடப்பாரையைப் போட்டவனும் அவன்தான்.

"தம்பி, மாண்புமிகு விசாரிச்சாரு. வாந்தி எடுத்தானே அந்தப் பெரியவன், நல்ல உடம்பு, வண்டியில ஏத்துன்னாரு. இடைத்தேர்தல் வருதில்ல?"

போர்ட்டே இத்தனை வருஷமும் அவன் முகத்தைப் பார்த்துத் துப்பியவன். இப்போது துப்பவில்லை. சோவாவுக்குப் புரிந்துவிட்டது.

"டேய், போகாதடா. இவன் யாருன்னு உனக்குத் தெரியாதா? வேணாம்டா, மாப்ள. கெடங்குக்கே திரும்பிப் போயிரலாம்."

"நீ எனக்கு நல்லது பண்ணினதெல்லாம் போதும்" என்றான் போர்ட்டே. சட்டையில்லாமலே நடந்து போய்த் திறந்த வண்டியின் பின்னால் ஏறினான். மாச்சோக்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

அதன் பிறகு மாஸ்டரின் கூடத்தில் நடந்ததுதான் வேடிக்கை. தாமதமாய் வந்த மாண்புமிகுவை ஒருவனும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் வாங்கி அனுப்பிய புத்தம்புது இரும்பு எடைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மாஸ்டர் அவர் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். வசை எல்லாம் சோவாவுக்கு. வாய் விட்டுத் திட்டினால்கூடப் பொறுத்திருப்பான். "நல்ல மனசு" என்று பெயர் வைத்தார்கள். "நல்ல மனசு வர்றான், தண்ணியக் கேளு." நெஞ்சுக்கு நேரே கம்பியைத் தூக்கும்போது தலைமாட்டில் ஒருவன் நின்று தாங்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பி கழுத்தில் இறங்கும். சோவா போய் நின்றால் படுத்திருந்தவன் எழுந்துவிடுவான். "வேற யாராச்சும் வாங்கப்பா." அவன் கம்பி தூக்கும்போதும் தலைமாட்டில் ஒருவரும் நிற்கவில்லை. கொஞ்ச நாளில் போவதை நிறுத்திக்கொண்டான்.

இடைத்தேர்தல் அன்று சோவா பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்றான். முன்னாலும் பின்னாலும் மீன் சுடும் பெண்கள், உடம்பில் புகை வாசனையோடு. வெயில் ஏறும் நேரத்தில் இரண்டு திறந்த வண்டிகள் வந்து நின்றன. இறங்கியவர்களில் போர்ட்டேயும் இருந்தான். கறுப்பு பனியன், கறுப்புக் கண்ணாடி. நேராக ஓட்டுப் பெட்டிக்குப் போனார்கள். பெண்கள் கூச்சலிட்டுக் குறுக்கே நிற்க, ஒருத்தியைக் கமாண்டோ தள்ளிவிட்டான், அவள் படியில் உருண்டாள்.

சோவா ஓடிப்போய்ப் போர்ட்டேயின் முன்னால் நின்றான். பெட்டி அவன் தோளில் இருந்தது.

"போர்ட்டே, எறக்கி வையிடா."

"தள்ளு."

"உங்கம்மா கூட நின்னவங்கடா இவங்க எல்லாம்."

"என்ன அங்க, மாமன் மச்சான் ஒறவா?" என்று கமாண்டோ படியிலிருந்து கத்தினான். "போடு ஒண்ண!"

போர்ட்டே போட்டான். சோவா அந்தக் கையை எத்தனையோ போட்டிகளுக்குப் பிடித்துவிட்டிருக்கிறான், அதன் கனம் அவனுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தான். தெரிந்திருக்கவில்லை. காது அடைத்துக்கொண்டது, வாயில் மண். எழுந்திருக்கக் கையை ஊன்றினான்.

பெட்டியோடு போர்ட்டே குனிந்தான். மற்றவர்களுக்கு அது திட்டுகிற மாதிரிதான் தெரிந்திருக்கும்.

"எந்திரிக்காதடா" என்றான் ரகசியமாக. "எந்திரிச்சா திரும்ப அடிக்கணும். பாத்துட்டிருக்கானுங்க."

பெண்கள் சோவாவின் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். எழுந்திருடா, ஆம்பளைதானே நீ, எழுந்து அவனை ஒரு கேள்வி கேள் என்று அழுதார்கள். சோவா கையை விடுவித்துக்கொண்டான். வண்டி கிளம்பிப் போகிற சத்தம் தேயும்வரை மண்ணில் முகத்தை வைத்து அப்படியே கிடந்தான். போர்ட்டேயை இன்னொரு தடவை கை ஓங்க வைக்க அவனுக்கு மனசு வரவில்லை.